ஆத்தா தண்ணி தெளித்த கீரை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, என்னோடு ஒரு வேளை சோறு தின்றவர்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட நான் வாயை மூடிக்கொண்டே ஒரு பெரிய காரியம் செய்தேன். வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

அப்போது எழுபதுகளின் பின்பாதி. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் ரப்பர் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். நாங்கள் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். எங்களைப் போல வெளியே வந்த ஏழெட்டுக் குடும்பங்களோடு சேர்ந்து பத்து காஜா டவுனுக்கு வெளியே, ஈயம் தோண்டி முடித்துப் போட்டுவிட்டுப் போன மணல்காட்டில், பலகையும் தகரமும் வைத்து ஒரே வரிசையாக வீடு கட்டிக்கொண்டோம். அந்த வெள்ளை மணலில் புல்கூட முளைக்க யோசிக்கும். கோழிச் சாணத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டி, ஈயக்குட்டையிலிருந்து தண்ணீர் தூக்கி ஊற்றி, கீரை போட்டோம். கடுகுக் கீரை வகைதான், இங்கே மலாய்ப் பெயரில் சாவி என்போம். மளமளவென்று வரும். காலையில் ஒரு லோரி வந்து அள்ளிக்கொண்டு ஈப்போ பசாருக்குப் போகும். லோரி ஓட்டியவரும் நம் ஆள்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, அந்தப் புழு வரும் வரைக்கும். நகத்துக்குள் அடங்குகிற பச்சைப் புழு. தொட்டால் பின்னுக்கு நெளியும். வாயிலிருந்து நூல் விட்டு இலைக்குக் கீழே தொங்கும். ஆள் போன பிறகு அதே நூலைப் பிடித்து ஏறி வந்து மறுபடியும் தின்ன உட்காரும். இரண்டு நாள் அசந்தால் பாத்தியே சல்லடைதான்.

முதலில் கடை மருந்துக்கு ஒழுங்காகச் செத்தது. ஒரு மூடி ஊற்றிய இடத்தில் பிறகு இரண்டு மூடி ஊற்ற வேண்டியிருந்தது. அதற்கும் பிறகு, எத்தனை ஊற்றினாலும் அது அவற்றுக்குக் காலைப் பசியாறல் மாதிரி ஆகிவிட்டது. செத்தவை போக மிஞ்சியவை பெற்ற குட்டிகள் எல்லாம் மருந்திலேயே பிறந்து மருந்திலேயே வளர்ந்தவை. அவற்றை என்ன செய்ய முடியும்? கடைக்காரர் வேறு போத்தல் கொடுத்தார். அதற்கும் பழகின. அதன்பிறகு வரிசையில் எல்லாரும் இருக்கிற போத்தல்களையெல்லாம் ஒன்றாக ஊற்றி ரோஜாக் பலகாரம் மாதிரி கலக்க ஆரம்பித்தார்கள்.

கலக்கியவர் என் வீட்டுக்காரர். வரிசை முழுக்க மருந்தடிப்பவர் அவர்தான். முதுகில் மாட்டுகிற பித்தளைப் பம்ப்பு ஒன்று எதிர்வீட்டு அக்காவிடம் இருந்தது. அது அக்காவின் கணவர் அடித்த பம்ப்பு. அவருக்கும் அதுதான் வேலை. கடைசி நாட்களில் அந்த மனிதருக்குக் கை ஆடும், வாயில் எச்சில் ஒழுகும், வரப்பில் தடுமாறி விழுவார். சம்சு குடித்துக் குடித்தே ஆள் போய்விட்டார் என்று எல்லாரும் சொன்னோம். அக்காவும் அப்படித்தான் சொன்னாள். கருமாதி முடிந்ததும் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் வைத்தாள்.

"சும்மா கெடக்குது தம்பி. நீ அடி."

என் வீட்டுக்காரரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். தோட்டம் விற்ற பிறகு அவரைத் தேடி யாராவது வந்து நின்றது அந்தப் பம்ப்பு வந்த பிறகுதான். "இந்த வரிசைக்கே நான்தான்லா டாக்டரு" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். எனக்குச் சிரிப்பு வரும். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்ததால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு சட்டைப் பொத்தான் விவகாரம் ஆரம்பித்தது. மருந்தடித்து வந்த மாலையில் பொத்தானைக் கழற்ற என்னைக் கூப்பிடுவார். விரல் நிற்காமல் ஆடும். வேர்த்துக் கொட்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார், விளக்கு ஏற்றியிருக்கும்போதே இருட்டாக இருக்கிறது என்பார். கண்ணை உற்றுப் பார்த்தால் கருமணி கடுகு மாதிரி சுருங்கிக் கிடக்கும். குடிக்கிறாரோ என்று நானும் வாயை முகர்ந்து பார்த்தேன். பூண்டு நாற்றம்தான் அடித்தது. அது அந்தப் போத்தல் மருந்தின் நாற்றம், சட்டையிலும் தோலிலும் ஊறிப் போயிருந்தது.

"மருந்துதாங்க உங்கள இப்படிப் பண்ணுது. விட்டுத் தொலைங்க."

"வெயில்லா. நீ வேற."

கிளினிக்குக்குப் போனார். தலைவலி, காய்ச்சல் என்று சொல்லி மாத்திரை வாங்கி வந்தார். மருந்தடிக்கிற வேலை என்று அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அவங்க கேக்கல" என்றார். இப்படிப்பட்ட மனிதரோடு என்ன பேசுவது? தலையில் அடித்துக்கொண்டேன், என் தலையில்தான்.

திட்டி ஆகாது என்று தெரிந்ததும் வேறு வழி யோசித்தேன். புழு சாகாததால்தானே இவர் மேலே மேலே ஊற்றுகிறார், புழுவை நிறுத்த வேறு ஏதாவது கிடைத்தால் பம்ப்பைக் கீழே வைப்பார் என்று கணக்குப் போட்டேன். மலாய்க்காரர்கள் தூபா வேரைச் சொன்னார்கள். அதை இடித்துக் கரைத்தால் புழு நிச்சயமாகச் சாகும். ஆனால் மழையில் கொஞ்சம் வழிந்து ஈயக்குட்டையில் இறங்கினால் போதும், எல்லாரும் வளர்க்கிற திலாப்பியா மீன் அத்தனையும் மல்லாந்துவிடும். அதனால் தூபா வேண்டாம் என்று விட்டேன். அப்புறம் ஒருநாள் அரிசி டின்னில் கையை விட்டபோது காய்ந்த வேப்பிலை கையில் வந்தது. வண்டு வராமல் இருக்க நாங்கள் எல்லாருமே போட்டு வைப்பதுதான். அந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வண்டுக்கு ஆகாதது புழுவுக்கு மட்டும் ஆகுமா?

ரோட்டோரம் மாரியம்மனுக்கு ஒரு சின்ன மேடை கட்டியிருந்தோம். பக்கத்தில் வேப்பமரம். இந்தப் பேராக் மாநிலத்து மழைக்கு அது காய் சரியாகப் பிடிக்காது, இலைதான். அம்மனிடம் சொல்லிவிட்டு ஒரு கூடை உருவி வந்தேன். அம்மியில் வைத்து நசுக்கி, ஒரு ராத்திரி ஊறப்போட்டு, வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்காகக் கொஞ்சம் சவுக்காரம் கரைத்து, எங்கள் ஓரப் பாத்தியில் தெளித்தேன். புழு சாகவில்லை. மறுநாள் வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஒன் புழு நல்லாக் குளிச்சிட்டு உக்காந்திருக்கு. துண்டு வேணுமான்னு கேளு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் காலையில் தெளித்தது வெயிலில் வீணாகிறதோ என்று சந்தேகப்பட்டு, அடுத்த முறை பொழுது சாயும்போது தெளித்தேன். இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளித்தேன். அப்போதும் புழு அங்கேயேதான் இருந்தது. ஆனால் ஓட்டை பெருகவில்லை. புழு இலைமேல் இருந்துகொண்டே பட்டினி கிடந்தது. வளரவும் இல்லை, சுருங்கி நிறம் மாறிப் போனது. கசப்பு தின்ற பிள்ளை சோற்றைத் தள்ளிவிட்டு உட்காருமே, அப்படி. "பாத்தீங்களா" என்றேன். "உசிரோடதானே இருக்கு" என்று அவர் பம்ப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் புழு என்றால் செத்துக் கீழே விழ வேண்டும், அதுவும் அன்றைக்கே விழ வேண்டும்.

இனி எல்லாப் பாத்திக்கும் நானே தெளிக்கிறேன், இவர் எப்படி மருந்து கலக்குகிறார் பார்ப்போம் என்று வீம்பில் ஒருநாள் பெரிய பெரிய கிளையாக வேப்பிலை வெட்டி வந்தேன். அன்று மத்தியானம்தான் அவர் வரப்பில் விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, காலே நிற்கவில்லை. தோளில் தாங்கி வீடு வரைக்கும் இழுத்து வந்தேன். வரிசையில் எல்லாரும் பார்த்தார்கள். சட்டையைக் கழற்றி, சவுக்காரம் போட்டு உடம்பைத் தேய்த்துக் கழுவி, படுக்க வைத்தேன். லோரிக்கார அண்ணனைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை என் கையையும் சேர்த்து ஆட்டியது. பயந்துபோனேன். இந்த மனிதர் செத்துவிடுவார் என்று எனக்கு அன்றைக்குத்தான் நிஜமாகவே தோன்றியது.

மழை வேறு பிடித்துக்கொண்டது. தரையெல்லாம் ஈரம், வெளியே போட்டால் கோழி கிளறும். வெட்டி வந்த வேப்பங்கிளைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசல் நிலையில் இருந்த ஆணியில் கட்டித் தொங்கவிட்டேன். வாசலில் வேப்பிலை கட்டினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது, ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள், யாரும் உள்ளே வரக்கூடாது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் உள்ளே ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது அதையெல்லாம் யார் நினைத்தார்கள்?

விடிந்தது. வழக்கமாக விடியுமுன்னே யாராவது வந்து "அண்ணே, இன்னிக்கு நம்ம பாத்தி" என்று கூப்பிடுவார்கள். அன்று ஒருவரும் இல்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும் இரண்டு இளநீரோடு வந்தாள். வாசலுக்கு வராமல் பக்கவாட்டு ஜன்னலுக்குப் போய், பலகையை நீக்கி, உள்ளே படுத்திருந்தவரை நெடுநேரம் பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இளநீரை ஜன்னலில் வைத்துவிட்டு, "நல்லாப் பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் லோரி வந்து தூரத்திலேயே நின்றது.

"தங்கச்சி, கீரைய மரத்தடியில வச்சிட்டுப் போ. நா எடுத்துக்கிறேன். அண்ணனுக்கு மொகமெல்லாம் முத்தாமே? பாத்துலா, பெரியாளுக்குப் போட்டா ரொம்பப் படுத்தும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிமிர்ந்து வாசலைப் பார்த்தேன். வேப்பிலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இல்லை அண்ணே, அது புழுவுக்கு வெட்டி வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன ஆகும்? நாளைக் காலையே ஒருவர் வந்து கூப்பிடுவார், இவரும் எழுந்து போவார். வாயை மூடிக்கொண்டு கீரைக் கூடையைக் கொண்டுபோய் மரத்தடியில் வைத்தேன்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆத்தா பெயரை எடுத்தது நானில்லை. இன்றைக்கும் அந்த மேடைக்கு முன்னால் நிமிர்ந்துதான் நிற்கிறேன்.

ஆத்தா வந்த வீடு என்றால் சும்மாவா. எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை, தாளிக்கவில்லை, கவிச்சி இல்லை. கூழ், மோர், இளநீர். யார் யாரோ கொண்டுவந்து வேலியோரம் வைத்துவிட்டுப் போனார்கள். ஆத்தாளுக்கு நெடி ஆகாது என்று எங்களைச் சுற்றியிருந்த பாத்திகளில் யாரும் மருந்தடிக்கவில்லை. பம்ப்பும் எங்கள் வீட்டுக்குள்ளேதான் இருந்தது, அதை எடுக்க எவருக்கும் தைரியம் வரவில்லை. அந்தப் பூண்டு நாற்றம் இல்லாத காற்றை எத்தனையோ நாளுக்குப் பிறகு முகர்ந்தேன்.

உள்ளே இருந்தவர்தான் குதித்தார்.

"எனக்கு எங்கலா அம்மை? நா எந்திரிச்சுப் போறேன்."

"தாராளமாப் போங்க. வரிசையே ஒங்களுக்காக வெளக்கேத்துது. போயி, ஆத்தாளும் இல்ல ஒண்ணும் இல்லன்னு ஒங்க வாயாலயே சொல்லிட்டு வாங்க."

போகவில்லை. ஒரு பக்கம் அவருக்கே சந்தேகம். காலையில் எழுந்ததும் கண்ணாடியை எடுத்து நெஞ்சிலும் கழுத்திலும் முத்து ஏதும் தெரிகிறதா என்று தேடுவார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பேன்.

ஆனால் புழுவுக்கு விரதம் கிடையாதே. மருந்து நின்றதும் எல்லார் பாத்தியிலும் ஏறியது. அதைப் பார்க்க எனக்கு மனசு அறுத்தது. என் புருஷனைக் காப்பாற்றப்போய் நாலு பேர் வயிற்றில் அடிக்கிறேனோ என்று தோன்றியது. சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த சாயங்காலம் அக்கா ஒரு வாளியோடு வேலியோரம் வந்து நின்றாள்.

"தம்பி மேல தெளிக்கிற வேப்பெலத் தண்ணி மீந்தா எனக்குக் குடு. பாத்தியில தெளிக்கிறேன். ஆத்தா தண்ணி, நல்லதுதானே."

அவர்மேல் தெளிக்கிற தண்ணி என்று வீட்டில் ஏது? புழுவுக்கு ஊறப்போட்ட தண்ணியைத்தான் வாளி நிறைய ஊற்றினேன். வாய் சும்மா இருக்குமா? "சவுக்காரம் கொஞ்சம் கரைச்சுக்குங்க அக்கா, எலையில நிக்கும். அடிப்பக்கம் படணும். பொழுது எறங்கினப்புறம் தெளிங்க" என்று அடுக்கிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஆத்தா தண்ணிக்குச் சவுக்காரமா?" என்றாள். பிறகு, "சரிலா, ஆத்தாளுக்கும் அழுக்கு இருக்காதா" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இரண்டு மூன்று நாளில் அக்கா பாத்தியில் ஓட்டை பெருகுவது நின்றுவிட்டது. பிறகு கேட்க வேண்டுமா? வரிசையே வாளியோடு வேலியோரம் நின்றது. மரத்தில் இலை உருவ ஆள், நசுக்க ஆள் என்று அவர்களே பங்கு போட்டுக்கொண்டார்கள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தெளித்தார்கள். கீரை எல்லாம் பழுதில்லாமல் வந்தது என்று சொன்னால் அது புளுகு. ஓட்டைக் கீரை என்று ஈப்போ பசாரில் கடை முதலாளி தவுக்கே முகத்தைச் சுளித்தாராம், லோரி அண்ணன் வந்து சொன்னார். ஆனால் கீரை போனது. யாருடைய பாத்தியும் அழிந்துபோகவில்லை.

தலைக்குத் தண்ணி ஊற்றி ஆத்தாளை அனுப்புகிற நாள் வந்தது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணியில் அவர் குளித்தார். நான் சட்டையை நீட்டி, வழக்கம்போலப் பொத்தான் போடக் கிட்டே போனேன். அவர் என் கையை விலக்கிவிட்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தானே போட்டார். கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டுக் கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தார். ஆடவில்லை. திருப்பிப் பார்த்தார். அப்போதும் ஆடவில்லை.

வீட்டுக்குள் முதலில் வந்தது அக்கா. நான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கதவோரம் உட்கார்ந்து, அவர் பிசைந்து உருட்டி வாயில் வைப்பதையே பார்த்தாள். ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை. எனக்கு இனியும் மறைக்க முடியவில்லை.

"அக்கா, இவருக்கு அம்மையே இல்ல. நீங்க எல்லாம் வேப்பெலயப் பாத்துட்டு..."

"தெரியும்" என்றாள். "ஜன்னல்ல பாத்தேன்ல. ஒரு முத்துகூட இல்ல. கண்ணப் பாத்தேன், கையப் பாத்தேன். மொகமெல்லாம் முத்துன்னு வரிசைக்கே போய்ச் சொன்னது நான்தான்."

அவர் சோற்றுக் கையை அப்படியே நிறுத்திவிட்டார். ஏன் அக்கா என்று மட்டும் கேட்டேன்.

"அவருக்கும் இப்படித்தான் ஆடுச்சு. இதே கண்ணு. குடிக்கலடி, குடிக்கலடின்னு கெஞ்சினாரு. வாயில பூண்டு நாத்தம். சம்சு நாத்தத்த மறைக்கப் பூண்டத் தின்னுட்டு வந்து நிக்கிறாருன்னு நா நெனச்சேன். அன்னிக்கு ஒன் வீட்டு ஜன்னல்ல அதே நாத்தம் அடிச்சிச்சு. தம்பி குடிக்க மாட்டானே, எனக்குத் தெரியுமே." சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, "சோத்த எறைக்கிறாருன்னு அவருக்கு வெளியதான்லா தட்டு வச்சேன். கடைசி வரைக்கும்" என்றாள்.

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், அவ்வளவுதான்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா எழுந்தாள். மூலையில் இருந்த பம்ப்பைப் பார்த்தாள்.

"தம்பி, அத எடுத்துக் குடு. அது எங்க வீட்டுது."

அவர் கை கழுவிவிட்டு வந்து, பம்ப்பைத் தூக்கி வாசல் வரைக்கும் கொண்டுபோனார். அக்கா மறித்து வாங்கினாள். "நீ தூக்காத" என்று சொல்லிவிட்டு, அதைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு அந்தப் பம்ப்பை வரிசையில் யாரும் பார்க்கவில்லை.

பின்னாட்களில் புதிதாக ஏதோ போத்தல் வந்து பாதிப்பேர் அதற்குத் திரும்பினார்கள். அதற்கும் புழு பழகியது. என் வீட்டுக்காரர் மருந்துக்குத் திரும்பவில்லை, சீனன் செங்கல் சூளையில் வேலைக்குப் போனார். அக்கா கடைசி வரைக்கும் வேப்பிலைத் தண்ணிதான் தெளித்தாள். சாயங்காலம் தெளித்து முடித்ததும் வெளியே, தன் வாசல்படியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். மழை பெய்தாலும் உள்ளே போய்ச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.